பீல் அரங்கில் ஓர் எண்ணெய்க்கோடு

ஏழு நடுவர்களும் பனித்தரையில் குனிந்து நின்றார்கள். ரோமம் வைத்த பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட அட்டை, பென்சில். நான் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவர்களுடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக, பனியில் என் பிளேடு போட்ட கோட்டைப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு தும்மல்கூடப் போட்டு முடிக்க இயலாது. அன்று ஒருவரும் நிமிரவில்லை.

ஒருவர் மண்டியிட்டார். பக்கத்தில் நின்ற அம்மையார் கையுறையைக் கழற்றி விரல் நுனியால் பனியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். வழக்கமாக எனக்கு ஆறுக்கு மூன்றைச் சுற்றித்தான் எண்கள் வரும். அன்று ஏழு அட்டையிலும் நான்கும் அதற்கு மேலும் இருந்தன. நான் அட்டைகளை இரண்டாம் முறை எண்ணிப் பார்த்தேன்.

சுவிட்சர்லாந்தில் பீல் நகரத்துப் பனிச்சறுக்கு அரங்கு. எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். எந்த வருஷம் என்று எழுதினால் யாராவது பழைய முடிவுப் பட்டியலைத் தேடி எடுத்துவிடுவார்கள். அதில் நான் பெருமைப்பட அதிகம் ஒன்றுமில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது. பிரான்ஸ் நாட்டுக்காகச் சறுக்கிக்கொண்டிருந்தேன். காலை எட்டரை இருக்கும். பார்வையாளர் வரிசையில் இருபது பேர்கூட இல்லை. அதில் ஒருத்தி என் அம்மா. நீலச் சேலை, அதன்மேல் அப்பாவின் பழைய பட்டாளத்துக் கோட்டு.

வட்டம் போடும் பிழைப்பு

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், "நீங்கள் குதிப்பது, சுழல்வது பற்றி ஒன்றுமே எழுதவில்லையே" என்று கேட்டிருக்கிறார். எழுதாததற்குக் காரணம் எளிது. நான் நன்றாகக் குதிக்கமாட்டேன்.

எங்கள் காலத்தில் போட்டி இரண்டு பங்காக இருந்தது. தொலைக்காட்சியில் காட்டுவது ஒரு பங்கு: இசை, மினுக்குச் சட்டை, குதி, சுழல், சிரிப்பு. யாருக்கும் காட்டாதது இன்னொன்று. அதைக் கட்டாய உருவங்கள் என்போம். தெளிவான பனியில் ஒற்றைக் காலில் நின்று எட்டு என்ற எண்ணைப் போல இரண்டு வட்டம் போட வேண்டும். அதே கோட்டின்மேல் இரண்டாவது முறை, மூன்றாவது முறை. மூன்று தடவை போன பிளேடு ஒரே தடவை போனதுபோலக் கோடு விழுந்திருந்தால் கெட்டிக்காரி.

இதைக் கோலம் என்று சொல்லிவிட்டால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். பலர் என்னிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் கோலம் போடுகிறவள் நடுவில் நிமிர்ந்து பக்கத்து வீட்டுக்காரியோடு பேசலாம். இதில் மூச்சை அதிகமாக இழுத்தாலே கோடு கோணும். எனக்கு இது கணக்கு வாத்தியாரின் காம்பஸ். அவ்வளவுதான்.

விடியற்காலை ஐந்தரைக்குப் போய் நாளுக்கு மூன்று மணி நேரம் வட்டம் போட்டேன். பன்னிரண்டு வருஷம். அப்பாவுக்கு மட்டும் இது பிடித்திருந்தது. "பட்டாளத்துல எங்களையும் இப்படித்தான் வட்டமா ஓட விடுவானுங்க" என்பார்.

என்னைப் பழக்கிய மதாம் ஒதில் சிக்கனமாகப் பாராட்டும் பெண்மணி. அவரே என் எட்டைப் பார்த்துவிட்டு இரண்டு முறை தலையாட்டியிருக்கிறார். ஆனால் போட்டிக்குப் போனால் ஏழாவது இடம், எட்டாவது இடம். பனியில் விழும் கோடு மெல்லியது. வெளிச்சம் சரியில்லை என்றால் கண்ணுக்கே தெரியாது. தெரியாத கோட்டுக்கு மதிப்பெண் போடும்போது நடுவர்கள் போன வருஷப் பட்டியலை நினைத்துக்கொள்வார்கள். போன வருஷம் ஏழாவது வந்தவள் இந்த வருஷமும் ஏழாவது. நான் இதைச் சொல்லிச் சொல்லி எரிச்சல்படுவேன். அவர்கள் நல்லவர்கள், நேரமில்லாதவர்கள் என்பார் மதாம்.

முதுகில் எழுதிய நாடு

என் முதுகில் பிரான்ஸ் என்று எழுதியிருக்கும். முகத்தைப் பார்ப்பவர்கள் முதுகையும் ஒரு முறை பார்ப்பார்கள். அப்பா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். ஓய்வு பெற்றபின் கிழக்குப் பிரான்ஸில் ஒரு பட்டாளத்து ஊரிலேயே தங்கிவிட்டார். நான் பிறந்தது அங்கே. வீட்டுக்குப் பின்னால் பனிச்சறுக்கு அரங்கு. பள்ளி விட்டதும் என்னைச் சூடாக வைத்திருக்க வழியில்லாமல் அம்மா அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். சூடாக வைக்கப் பனிக்கட்டியில் விடுவதா என்று கேட்காதீர்கள். அந்த அரங்கின் சிற்றுண்டிச் சாலையில் நல்ல அடுப்பு இருந்தது. நான் அடுப்புப் பக்கம் போகாமல் மறுபக்கம் போனேன்.

தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தது அம்மாவால். புதுச்சேரியிலிருந்து தாமதமாக வரும் வாரப் பத்திரிகைகளை உரக்கப் படிக்கச் சொல்வாள். தொடர்கதைகளில் நடுவில் இரண்டு வாரம் காணாமல் போயிருக்கும். அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று அம்மாவே சொல்லி நிரப்பிவிடுவாள். அவள் சொன்னதுதான் அச்சில் வந்ததைவிட நன்றாக இருக்கும்.

ஒரே ஓர் இடம்

அந்த வருஷம் ஐரோப்பியப் போட்டிக்குப் பெண்கள் பிரிவில் பிரான்ஸ் அனுப்பக்கூடியது ஒருத்தியைத்தான். இரண்டு பேர் இருந்தோம். நான் ஒருத்தி. இன்னொருத்தி வெரோனிக், பதினாறு வயது. அவள் குதித்தால் பனி அதிரும். வட்டம் போடச் சொன்னால் உருளைக்கிழங்கு போடுவாள்.

சறுக்குச் சங்கத்தின் தேர்வாளர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பீல் போட்டியில் நான் முதல் ஐந்துக்குள் வந்தால் நான் போகலாம். இல்லையென்றால் வெரோனிக். அடுத்த வருஷம் என்று ஒன்று எனக்குக் கிடையாது என்பதையும் மரியாதையாகச் சொன்னார். இருபத்து நான்கு வயதில் யாரையும் புதிதாக அனுப்புவதில்லை.

ஆக, எனக்கு வேண்டியது ஐந்தாவது இடம். குதியில் நான் இழப்பதை வட்டத்தில் பிடிக்க வேண்டும். மூன்று உருவங்கள். முதல் உருவத்தில் நன்றாகத்தான் போட்டேன். நடுவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஏழாவது.

இரண்டாவது உருவத்துக்கு ஆட்ட வரிசை மாறும். அதில் முதல் ஆளாக நான் இறங்க வேண்டும். ஆனால் மற்ற எல்லோரும் முதல் உருவத்தை முடிக்கும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். கால் வலித்தது. காலணிகளைக் கழற்றி அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு வெந்நீர்க் குழாயைத் தேடிப் போனேன்.

ஈர இரும்பு

எங்கள் வீட்டில் இரும்பு ஈரமாக இருக்கக் கூடாது. அரிவாள்மனை, தோசைக்கல், கத்தரிக்கோல், எதுவாக இருந்தாலும் கழுவித் துடைத்து ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவித்தான் அம்மா வைப்பாள். அந்த ஊரில் நல்லெண்ணெய் சுலபமாகக் கிடைக்காது. பாரிஸிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. தலைக்கு இல்லையென்றாலும் இரும்புக்கு உண்டு.

என் பிளேடுகளையும் அப்படித்தான். பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து உறையில் வைப்பாள். மறுநாள் காலையில் நான் பழைய துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் பனியில் இறங்குவேன். பன்னிரண்டு வருஷமும் இந்த ஏற்பாட்டில் குறையில்லை.

ஆனால் அம்மா என் போட்டிகளுக்கு வந்ததில்லை. வேலை விட்டு வர முடியாது. பீல்தான் முதல் முறை. ரயிலில் போகிற தூரம், எனக்கும் முக்கியமான போட்டி என்று விடுப்பு எடுத்து வந்திருந்தாள். பக்கத்தில் என் காலணிகள் இருக்கின்றன. பிளேடுகளில் தண்ணீர் சொட்டுகிறது. அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கைப்பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்திருக்கிறாள். பிளேட்டின் அடியில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் ஓடும். அதற்குள்ளும் விரலை விட்டு நன்றாகத் தடவியிருக்கிறாள்.

என் பெயரை அழைத்தார்கள். ஓடிவந்து காலணிகளை மாட்டிக்கொண்டு இறங்கினேன். துடைக்கவில்லை. துடைக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதல் வட்டத்திலேயே கோடு வழக்கத்தைவிட நன்றாகத் தெரிந்தது. முந்திய நாள்தான் பிளேடு தீட்டியிருந்தேன். தீட்டிய கரும்பொடியும் எண்ணெயும் கலந்து பென்சிலால் இழுத்ததுபோல் சாம்பல் நிறத்தில் விழுந்தது. எனக்கு அது ஒரு சௌகரியமாக இருந்தது. பார்த்துப் பார்த்து அதன்மேலேயே போனேன். மூன்றாவது சுற்று முடிந்தபோது மூன்று கோடுகள் இருந்ததாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதைத்தான் ஏழு பேரும் குனிந்து பார்த்தார்கள். நான்கும் அதற்கு மேலும் போட்டார்கள்.

மணத்தால் பிடித்தவர்

அட்டைகளை இறக்கியதும் வேறொரு நாட்டுப் பயிற்சியாளர் கையைத் தூக்கினார். கோட்டில் ஏதோ சாயம் இருக்கிறது என்றார். நடுவர் தலைவர் பனியில் இறங்கிவந்தார். ஒல்லியான பெரியவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று மதாம் சொல்லியிருந்தார். என்னையும் வரச் சொன்னார். மதாம் அரங்கின் மறுகோடியில், தடுப்புக்கு அப்பால். விதிப்படி அவர் உள்ளே வரக் கூடாது.

அரங்கு வேலையாள் ஒருவரையும் அழைத்தார்கள். பனியைச் சுரண்டி வெந்நீர் ஊற்றிச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டுகிறவர். நீல மேலங்கியும் காதை மூடிய தொப்பியுமாகக் கையில் சுரண்டியோடு வந்தார். முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்த நாட்களில் போருக்குத் தப்பி வந்து பீல் ரயில் நிலையத்தில் பெரிய கோட்டுகளுக்குள் சின்னதாக நின்றுகொண்டிருக்கும் நம் முகங்களில் ஒன்று.

நடுவர் தலைவர் அவரிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டார். வண்டியிலிருந்து ஒழுகியதா என்று கேட்டிருக்க வேண்டும். அவர் மண்டியிட்டுக் கோட்டைத் தொட்டு மூக்கில் வைத்தார். அப்படியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு பார்வையாளர் வரிசையில் நீலச் சேலையைப் பார்த்தார்.

நடுவர் தலைவர் குறிப்பேட்டை வாங்கத் தடுப்புப் பக்கம் நாலு அடி போனார்.

"தங்கச்சி, தமிழோ நீங்கள்?" என்றார் வண்டி ஓட்டுகிறவர், மறுபடியும் கோட்டின்மேல் குனிந்து.

"ஆமாங்க."

"உது நல்லெண்ணெய் எல்லே?"

பனித்தரையில் தமிழ் கேட்பதே எனக்கு முதல் முறை. அதிலும் நல்லெண்ணெய். நான் தலையாட்டினேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது. அம்மாவின் மடியில் துணி இருந்தது.

"ஏதும் வில்லங்கமோ?"

"தெரியலண்ணே. என்னப் போட்டியவிட்டே தூக்கிடுவாங்கன்னு நெனைக்கிறேன்."

"பொறுங்கோ. மெசினிலை இருந்து ஒழுகினதெண்டு சொல்லிவிடுறன்."

"உங்களுக்கு எதுனா ஆயிடுமே."

"எனக்கு ஒரு பேச்சு விழும். அவ்வளவுதான். எங்கடை பிள்ளை ஒண்டு உதிலை ஓடுமெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. நீங்கள் வாய் திறவாதையுங்கோ."

நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறுக்கவில்லை. ஐந்தாவது இடம் மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது.

நடுவர் தலைவர் திரும்பி வந்தார். வண்டியின் எண்ணெய்தான் என்று இவர் ஜெர்மனில் சொன்னார். பெரியவர் தானும் கோட்டைத் தொட்டு விரலை ஒரு முறை மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்.

"மத்மசெல், நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"இல்லை."

"உங்கள் காலணிகளைப் பற்றி?"

"இல்லை, ஐயா."

என் முகத்தையும் காலணிகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு எழுதினார். பனித்தரையில் குறை. மதிப்பெண்கள் ரத்து. வேறு இடத்தில் அதே உருவத்தை மறுபடியும் போட வேண்டும்.

மறுபடியும் எட்டு

காலுறையைக் கழற்றி அதாலேயே பிளேட்டைத் துடைத்தேன். மதாமிடம் ஒன்றும் சொல்லவில்லை. "பாழாய்ப்போன வண்டி" என்று அவர் திட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் போட்டேன். உண்மையைச் சொன்னால் முதல் முறையைவிட நன்றாகவே போட்டேன். ஆத்திரம் வந்தால் என் கால் நிலைக்கும். மூன்று சுற்றும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்ததைக் காலடியில் உணர்ந்தேன். ஆனால் கோடு வழக்கம்போல் மெல்லியதாக, வெளிச்சத்தில் கரைந்து கிடந்தது. ஏழு பேரும் வந்தார்கள். முதுகை வளைக்காமல் பார்த்தார்கள். மூன்று, மூன்று புள்ளி ஒன்று, மூன்று. மற்றவர்கள் எல்லோரும் போட்டு முடித்தபோது ஏழாவது இடம்.

முதல் முறை இதே எட்டுக்குக் குனிந்து நின்றவர்கள்.

மூன்றாவது உருவத்தில் ஆறாவது வந்தேன். மதியம் வெளியே வந்தபோது அந்த அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றார். நீல மேலங்கி இல்லை.

"வேலை முடிஞ்சுதாண்ணே?"

"இண்டைக்கு இனி வேண்டாமாம். மெசினைப் பாக்காமல் ஐஸிலை இறக்கினதெண்டு மனேச்சருக்குக் கோவம். நாளைக்குப் பின்னேரம் கந்தோருக்கு வரட்டாம்." கந்தோர் என்றது அலுவலகத்தை. சிரிக்கப் பார்த்தார். "உங்களுக்கு என்ன முடிவு, தங்கச்சி?"

சொன்னேன்.

"பிழைச்சுப்போச்சே" என்றார். தப்பாகிவிட்டதே என்று அர்த்தம்.

அவர் பெயர் பாலன். ஊரில் தண்ணீர்ப் பம்பு திருத்தியவர். இங்கே வந்து இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவி, பிறகு பீலுக்கு வந்து இந்த வேலையைப் பிடித்திருந்தார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. வேலை போனால் மறுபடியும் முகாமில் ஏழு பேரோடு ஓர் அறை. இதெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவராகக் குறை சொல்லவில்லை.

பஸ்ஸில்

பீலில் பஸ் நிறுத்தத்தின் பெயரை இரண்டு மொழியில் எழுதியிருப்பார்கள். அம்மா இரண்டையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். நான் எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். அவள் படிப்பதை நிறுத்தினாள்.

"நான்தாண்டி தொடைச்சேன். ஈரமா இருந்திச்சி."

"தெரியும்மா."

"அந்தப் பிள்ளை எதுக்குப் பொய் சொல்லணும்? நான் எறங்கிவந்து சொல்லியிருப்பேனே. என் எண்ணெய்ங்க, தப்பு இல்லீங்கன்னு."

"சொன்னா என்னைத் தூக்கியிருப்பாங்கம்மா."

"யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானாகவே முடிவு கட்டியதுதான். அதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். இருபத்து மூன்று வயதில் அம்மாவிடம் சொல்லக்கூடிய மலிவான பதில் அது.

"நாளைக்குக் காலைல போய்ச் சொல்லலாம், வா."

"நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் பொறும்மா. ஆட்டம் முடியட்டும். ஐந்தாவது வந்துட்டா நான் போகலாம். அப்புறம் சொல்லிக்கலாம்."

"அவனுக்கு வேலை போச்சின்னா?"

"சாயங்காலந்தான அவரையும் கூப்பிட்டிருக்காங்க."

 அம்மா தங்குவிடுதியில் கைப்பையைத் திறந்து எண்ணெய்த் துணியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். எனக்கு அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் இசைக்கு ஆடினேன். விழவில்லை. இரண்டு குதிகளைச் சின்னதாக்கிக்கொண்டேன். முகத்தில் சிரிப்பு இருந்ததாக மதாம் சொன்னார். முடிவுப் பட்டியலை ஒட்டினார்கள். ஆறாவது இடம். எனக்கும் ஐந்தாவது பெண்ணுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தை நான் சொல்லி நீங்கள் பரிதாபப்பட வேண்டாம், கொஞ்சம்தான். ரத்தான எட்டின் மதிப்பெண் இருந்திருந்தால் நான்காவது.

தேர்வாளர் வந்து கை குலுக்கினார். வெரோனிக்கும் வந்து கட்டிக்கொண்டு அழுதாள். நல்ல பெண். நான் அழவில்லை.

நடுவர் தலைவரின் அறை

அம்மா என் கையைப் பிடித்து நடுவர் தலைவரின் அறைக்கு அழைத்துப் போனாள். இழக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது உண்மை சொல்வது சுலபம். அந்தச் சுலபத்தில்தான் போனேன், அதை மறைக்கவில்லை.

அது முதலுதவி அறை. கட்டிலின்மேல் காகிதங்களைப் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா துடைத்தது, கோடு விழுந்தது, வேலையாள் எனக்காகச் சொன்னது. அவர் மீது தவறில்லை, வண்டி மீதும் தவறில்லை என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"அது வண்டியின் எண்ணெய் இல்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகப் பனித்தரையில் நிற்கிறேன். அதன் வாசனை வேறு" என்றார். "ஆனால் என் மூக்கை அறிக்கையில் எழுத முடியாது, மத்மசெல். அவர் ஒன்று சொன்னார். நான் உங்களை இரண்டு முறை கேட்டேன். நீங்கள் இல்லை என்றீர்கள். சொன்னதைத்தான் எழுத முடியும்."

"சொல்லியிருந்தால் என்னை நீக்கியிருப்பீர்கள்" என்றேன்.

"ஏன்?"

மேசையிலிருந்த விதிப்புத்தகத்தை எடுத்துப் பக்கம் தேடாமலே திறந்தார். பனித்தரையில் குறை இருந்தால் மறுபடியும் போட வேண்டும். பிளேட்டில் தண்ணீர் இருந்தாலும் எண்ணெய் இருந்தாலும் அது ஆடுகிறவள் பாடு. அதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் காலணியிலிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லியிருந்தால், மதிப்பெண்களைத் தொட எனக்கு அதிகாரமே இருந்திருக்காது. அவர் இதைக் குரலை உயர்த்தாமல், வகுப்பில் சொல்வதுபோல் சொன்னார்.

அந்தப் புத்தகம் என்னிடமும் இருந்தது. சங்கம் எல்லோருக்கும் கொடுக்கும். உருவங்களின் படங்கள் இருந்த பக்கங்கள் எனக்கு மனப்பாடம். மற்றதைப் புரட்டியதே இல்லை.

"இன்று காலை வந்திருந்தால்கூடத் திருத்தியிருப்பேன்" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "இறுதிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு இருபது நிமிஷம் ஆகிறது. இனி முடியாது."

அம்மாவுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருக்கமாட்டேன். "அந்தப் பிள்ளையின் வேலை, ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் உடனே ஒரு தாளை எடுத்து எழுதினார். வண்டியில் குறையில்லை, ஓட்டியவர் மீதும் குறையில்லை, எண்ணெய் வேறு வழியாக வந்தது என்று. அதன் கீழே என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பிரான்ஸ் வீராங்கனையாக நான் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான். பாலன் அண்ணன் மேலும் மூன்று குளிர்காலம் அந்த வண்டியை ஓட்டினார். இப்போது சுவிட்சர்லாந்திலேயே வில் என்ற நகரத்தில் இருக்கிறார், பேரப்பிள்ளைகள் உண்டு.

நான் கதவுப் பக்கம் திரும்பியபோது பெரியவர் கேட்டார்: "எதற்காகச் சொல்லாமல் இருந்தீர்கள்?"

"பயம்."

"யாரிடம்?"

"உங்களிடம்தான்" என்றேன். "நீங்கள் எல்லோரும் என்னை எப்போதோ ஏழாவது இடத்தில் வைத்துவிட்டீர்கள். நான் சொல்லி என்ன ஆகும் என்று நினைத்தேன்."

 அவர் கட்டிலில் கிடந்த காகிதங்களுக்குள் தேடி ஒன்றை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். அவருடைய சொந்தத் தாள். நடுவர் தலைவர் போடும் மதிப்பெண் கணக்கில் சேராது. பழக்கத்துக்காக அவரும் போட்டு வைப்பார் போலிருக்கிறது. இரண்டாவது உருவத்துக்கு நேரே என் பெயர் இரண்டு முறை இருந்தது. முதலில் போட்டதற்கு நான்கு புள்ளி இரண்டு. மறுபடி போட்டதற்கு நான்கு புள்ளி மூன்று. அந்தப் பத்தியில் வேறு யாருக்கும் நான்குகூட இல்லை.

"இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது" என்றார். "வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் வந்து நின்று பார்க்க வேண்டும். அப்போது தெரியும்."

அந்தத் தாளை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

விதிப்படி அது முடியாது என்றார். ஆனால் நான் பார்த்து முடிக்கும்வரை கையை எடுக்காமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.